கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்: சொற்செயலியில் செவ்வகத் தேர்வு

ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்தும் ஒரு குடும்பம், கோவையில் நாங்கள் உருவாக்கும் தமிழ்ச் சொற்செயலியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. ஏலம் முடிந்த மாலைகளில் கணக்கு மென்பொருளிலிருந்து அன்றைய பட்டியலை நகலெடுத்துச் சொற்செயலியில் ஒட்டுவார்கள். லாட் எண், ஊர், விவசாயி பெயர், விரலியா கிழங்கா என்ற ரகம், மூட்டை, குவிண்டால் விலை என்று 6 நெடுவரிசைகள். வெளியூர் வியாபாரிக்குப் போகும் பிரதியில் விவசாயி பெயர் இருக்கக் கூடாது. வரிவரியாகப் போய்ப் பெயரை அழித்துக்கொண்டிருந்த கணக்கு எழுதும் அம்மா, எங்கள் அலுவலகத்தில் தொலைபேசி எடுத்த பெண்ணிடம் கேட்டது இவ்வளவுதான்: "கண்ணு, இந்தப் பெயரை மட்டும் மேலிருந்து கீழாக மவுஸால் ஒரு கட்டம் போட்டு எடுக்க வழி இல்லையா?"

அதன் பிறகு நடந்த வேலையின் பதிவு இது. கடைசியில் கிடைத்த வசதி பார்வைக்குச் சின்னது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸை இழுத்தால் ஒரு செவ்வகம் விழும். அதற்குள் இருக்கும் எழுத்துகள் மட்டும் தேர்வாகும். அதற்குள் இருப்பவை எந்த எழுத்துகள் என்று முடிவு செய்வதில்தான் உழைப்பின் பெரும்பகுதி போயிற்று.

யோசனை ஒன்றும் புதிதல்ல. மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஆல்ட் இழுப்பு நெடுங்காலமாக இருக்கிறது. விசைப்பலகை வழியாகச் செய்ய கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப்8. லிப்ரெஆபிஸ் ரைட்டரிலும் இந்தத் தேர்வு முறை உண்டு. மேக் கணினியில் ஆப்ஷன் விசை இதே வேலையைச் செய்யும். நிரல் எழுதுவோருக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் இருக்கிறது, விம் எடிட்டரின் கன்ட்ரோல்-வி இருக்கிறது. ஈமேக்ஸில் செவ்வகத்தை வெட்டி ஒட்டும் கட்டளைகள் மிகப் பழையவை. செவ்வகத்தைக் கண்ணுக்குக் காட்டியபடியே தேர்ந்தெடுக்கும் முறை 2014-இல் வெளியான 24.4 பதிப்பில் சேர்ந்தது.

இந்தக் கடைசி மூன்றின் வழியை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன என்பதே குழுவில் முதலில் எழுந்த பேச்சு. அது உதவாது. நிரல் எடிட்டரில் வழக்கமாக எல்லா எழுத்தும் ஒரே அகலம். அங்கே செவ்வகம் என்பது வெறும் எண்ணிக்கை: ஒவ்வொரு வரியிலும் 12-ஆவது இடத்திலிருந்து 20-ஆவது இடம் வரை. சொற்செயலியில் ர-வுக்கு ஓர் அகலம், ணை-க்கு வேறோர் அகலம். அதைவிடப் பெரிய சிக்கல், தமிழில் எண்ணுவதற்கே நிலையான அலகு இல்லாதது. கொடுமுடி கண்ணுக்கு 4 எழுத்து. கணினி எழுத்துத் தரமான யுனிகோடில் 8 குறியீடுகள், ஏனென்றால் அங்கே உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். பவானி 3 எழுத்து, 5 குறியீடுகள். மொடக்குறிச்சி 7 எழுத்து, 13 குறியீடுகள். இந்த மூன்று ஊர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, 5-ஆவது குறியீட்டை அடுத்து வெட்டிப் பாருங்கள். மொடக்குறிச்சியில் வெட்டு "மொடக்" என்பதோடு ஒழுங்காக நிற்கும். பவானி முழுவதும் இந்தப் பக்கமே வந்துவிடும். கொடுமுடியிலோ "மு" இரண்டாகப் பிளந்து, உகரக் குறி மறுபக்கம் அநாதையாகப் போய் விழும். ஒரே எண்ணுக்கு மூன்று விதமான வெட்டு.

அட்டவணையாக மாற்றிக்கொள்ளச் சொல்லலாமே என்ற பதிலும் எங்களிடம் தயாராக இருந்தது. உரையை அட்டவணையாக்கும் கட்டளை எங்களிடம் ஏற்கனவே உண்டு. அது சரியாக இயங்க, நெடுவரிசைகளுக்கு நடுவே ஒரே வகைப் பிரிப்பான் இருக்க வேண்டும். மண்டிப் பட்டியலில் இருப்பவை இடைவெளிகள். பெயருக்குள்ளும் இடைவெளி, பெயருக்கு அப்பாலும் இடைவெளி; இனிஷியல் முன்னால் வருகிறவர்கள், பின்னால் வருகிறவர்கள், கூடவே ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுதியவர்கள். மேலும், ஒரு நெடுவரிசையை நீக்குவதற்காக முழுப் பட்டியலையும் அட்டவணையாக்கி, பிறகு பழையபடி உரையாக்கு என்று சொல்வது, வேலையைக் குறைக்கக் கேட்டவரிடம் வேலையைக் கூட்டிக் கொடுப்பதாகும்.

இழுக்கும்போது புள்ளிகள், விட்ட பின் இடங்கள்

சாதாரணத் தேர்வுக்குச் சொற்செயலி இரண்டு எண்களை நினைவில் வைக்கிறது: தொடங்கிய இடம், முடிந்த இடம். செவ்வகத்துக்கு அது போதாது. நாங்கள் எடுத்த முடிவு, மவுஸ் அழுத்தியிருக்கும் வரை எழுத்தைப் பற்றியே நினைக்காமல் இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்வது. ஒன்று அழுத்திய புள்ளி, மற்றொன்று சுட்டி இப்போது நிற்கும் புள்ளி. இரண்டும் ஆவணத்தின் அளவில், அதாவது முதல் பக்கத்தின் மேல் விளிம்பிலிருந்து எண்ணிய பிக்சல்களில் இருக்க வேண்டும். திரையின் அளவில் வைத்தால், நீண்ட பட்டியலில் சுட்டி சன்னலின் கீழ் விளிம்பைத் தாண்டியதும் உரை தானாக உருளத் தொடங்கும். தொடங்கிய புள்ளியும் கூடவே நழுவிச் செவ்வகம் உயரம் குறையும்.

சுட்டி நகரும் ஒவ்வொரு முறையும், இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் வரும் திரைவரிகளை எடுக்கிறோம். ஒவ்வொரு திரைவரியிடமும் ஒரே கேள்வி: இந்த இடது விளிம்பும் இந்த வலது விளிம்பும் உன்னிடம் எந்த எழுத்து எல்லைகளில் விழுகின்றன? சன்னல், உரை போன்றவற்றுக்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பான க்யூடி நிரலகத்தில் கிடைமட்டத் தூரத்தைக் கொடுத்தால் எழுத்து இடத்தைத் திருப்பித் தரும் செயற்கூறு, வரிப் பொருளிலேயே இருக்கிறது. வரிகளின் விடைகளைத் தொகுத்தால் சின்னச் சின்னத் தேர்வுகளின் பட்டியல் கிடைக்கும். பத்தி என்ற அலகு இங்கே கணக்கில் வராது. நீண்ட பத்தி 5 திரைவரிகளாக மடிந்திருந்தால் 5 துண்டுகள் கிடைக்கும்.

மவுஸை விட்டதும் புள்ளிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் துண்டுகளை மட்டும் வைத்துக்கொள்கிறோம். இதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. செவ்வகத்தையே கடைசி வரை வைத்திருந்து, தேவைப்படும்போதெல்லாம் கணக்கிடுவதுதான் சுத்தமான வழி என்று ஒருவர் வாதாடினார். பெயர் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்துத் தடித்த எழுத்தாக மாற்றிப் பார்த்ததும் வாதம் ஓய்ந்தது. தடித்ததும் எழுத்துகள் அகலமாகின்றன. ஆனால் செவ்வகம் பழைய அகலத்திலேயே நிற்கிறது. அடுத்ததாகச் சாய்வெழுத்துப் பொத்தானை அழுத்தினால், நீண்ட பெயர்களின் கடைசி எழுத்து மட்டும் சாயாமல் நிமிர்ந்து நிற்கும். பயன்படுத்துகிறவர் தேர்ந்தெடுத்தது எழுத்துகளைத்தான். செவ்வகம் அவற்றைச் சுட்டிக் காட்டிய விரல். சுட்டியாயிற்று என்றால் விரலை மடக்கிக்கொள்ள வேண்டும்.

தமிழில் ஒரு நிம்மதியும் உண்டு. அரபு, எபிரேயம் கலந்த வரியில் செவ்வகத்துக்குள் அடுத்தடுத்துத் தெரியும் எழுத்துகள் நினைவகத்தில் தள்ளித் தள்ளி இருக்கக்கூடும். ஒரே வரியிலிருந்து இரண்டு மூன்று துண்டுகள் வரலாம். தமிழில் எழுத்துக்குள் மட்டும்தான் வரிசை மாறும். ஆகவே வரிக்கு ஒரு துண்டுக்கு மேல் வராது.

எழுத்துக்குள் நுழையும் விளிம்பு

அந்த "எழுத்துக்குள் மட்டும்" என்பதில்தான் இந்த ஆய்வின் சாரம் இருக்கிறது.

"கொ" என்பது நினைவகத்தில் க, அடுத்து ஒகரக் குறி என 2 குறியீடுகள். திரையில் அது மூன்று உருவங்களாக விரிகிறது: முதலில் ஒற்றைக் கொம்பு, நடுவில் க, கடைசியில் துணைக்கால். நினைவகத்தில் பின்னால் இருக்கும் குறியின் ஒரு பாதி திரையில் முன்னால் வந்து நிற்கிறது. செவ்வகத்தின் விளிம்பு கொம்புக்கும் க-வுக்கும் நடுவே விழுந்தால் என்ன செய்வது? திரை உருவங்களை இடமிருந்து வலமாக எண்ணி, "ஓர் உருவம் தாண்டியாயிற்று, ஆகவே ஒரு குறியீடு தாண்டியாயிற்று" என்று கணக்கிடும் நிரலுக்கு, வெட்ட வேண்டிய இடம் க-வுக்கும் ஒகரக் குறிக்கும் நடுவில். இப்போது இடப்பக்கத் துண்டை நீக்குங்கள். கண்ணுக்குத் தெரிந்தது கொம்பு மட்டும், போவது க. மிஞ்சும் ஒகரக் குறிக்குத் தங்க ஒரு மெய் இல்லாததால், எழுத்துரு ஒரு புள்ளி வட்டத்தை வரைந்து அதன் இருபுறமும் கொம்பையும் காலையும் மாட்டிக் காட்டும். கொம்பை வெட்டப் போய்க் கொம்பு தங்கி, க போய்விடுகிறது.

கொங்கு நாட்டு ஊர்ப்பட்டியலை எடுத்துக்கொண்டால் இந்தச் சோதனைக்கு வெளியே போக வேண்டியதே இல்லை. கொடுமுடி, பொள்ளாச்சி, மொடக்குறிச்சி, தொப்பம்பாளையம், கோபிசெட்டிபாளையம், சோமனூர். ஊர் நெடுவரிசையின் இடது விளிம்பில் வரிக்கு வரி கொம்பு நிற்கும். ஆங்கில வரிகளில் ஓராண்டு சோதித்தாலும் தலைகாட்டாத பிழை, இந்த ஊர்களில் முதல் இழுப்பிலேயே பிடிபடும். தமிழுக்கென்று மென்பொருள் எழுதுகிறவர்கள் சோதனைக்குத் தமிழ் உரையை வைத்துக்கொள்வதே இல்லை என்பது என் நெடுநாள் குறை. அதை வேறோர் இடத்தில் வைத்துக்கொள்கிறேன்.

தீர்வுக்கு இரண்டு துணைகள் இருந்தன. ஒன்று, எந்தக் குறியீடுகள் சேர்ந்து ஓர் எழுத்தாகின்றன என்று யுனிகோடு வகுத்திருக்கும் எழுத்துக் கூட்டு எல்லை. அதிலும் விரிந்த விதியைத்தான் எடுக்க வேண்டும். பழைய குறுகிய விதியில் இடத்தை அடைத்துக்கொள்ளும் உயிர்க்குறிகள் பல தனியே பிரிந்துவிடும். தமிழில் கொம்பு அப்படிப்பட்ட குறி. மற்றொன்று, குறியீடுகளை எழுத்துருவின் உருவங்களாக மாற்றும் ஹார்ஃப்பஸ் நிரலகம். கொம்பு, க, துணைக்கால் மூன்றுக்கும் அது ஒரே கூட்டு எண்ணைக் கொடுக்கிறது. அந்த மூன்றின் அகலங்களையும் கூட்டினால் "கொ"-வின் முழு அகலம். அதற்குள் எந்த இடத்தில் விளிம்பு விழுந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், நடுக்கோட்டுக்கு இப்பாலா அப்பாலா என்பது.

பாதிக்கு மேல் செவ்வகத்துக்குள் இருந்தால் எழுத்து உள்ளே, இல்லையென்றால் வெளியே. தொட்டாலே உள்ளே எடுத்துக்கொள்ளலாம் என்ற மாற்று விதியையும் பரிசீலித்தோம். அதில், ஒரே கோட்டில் முடியும் செவ்வகமும் அதே கோட்டில் தொடங்கும் செவ்வகமும் நடுவிலிருக்கும் எழுத்தை இரண்டு முறை எடுத்துக்கொள்ளும். பாதி விதியில் எந்த எழுத்தும் இரண்டு முறை வராது, எதுவும் விடுபடவும் செய்யாது.

இங்கே முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது ஸ்ரீ வந்தது. கோவையிலும் திருப்பூரிலும் ஸ்ரீ இல்லாத நிறுவனப் பட்டியலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யுனிகோடின் எல்லை விதிப்படி ஸ்ரீ என்பது ஸ், ரீ என 2 கூட்டுகள். உள்ளே 4 குறியீடுகள். எழுத்துருவோ அதை ஒரே உருவமாக வரைகிறது. க்ஷ-வும் அப்படியே: விதியில் க், ஷ என இரண்டு, திரையில் ஒன்று. வடஇந்திய எழுத்துகள் சிலவற்றிலும் தெலுங்கு, மலையாளத்திலும் கூட்டெழுத்தைப் பிரிக்காமல் வைக்கும் விதி யுனிகோடில் பிற்பாடு சேர்ந்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. புள்ளி வைத்த மெய்யைத் தமிழில் தனி எழுத்தாகவே எண்ணுகிறோம் என்பதால் அது நியாயமும்கூட. ஆனால் ஸ்ரீயின் நடுவே செவ்வக விளிம்பு விழும்போது அந்த நியாயம் உதவாது. இணைந்த உருவத்தின் அகலத்தைப் பாதியாகப் பங்கிட்டு, இடப் பாதியை ஸ் என்றும் வலப் பாதியை ரீ என்றும் கொள்வது வழக்கமான நடைமுறை. அதன்படி நீக்கினால் "ஸ்ரீ முருகன்" என்ற பெயர் "ரீ முருகன்" ஆகிவிடும்.

மவுஸ் தேர்வுக்கு மட்டும் எல்லையைத் தளர்த்தினோம். யுனிகோடு விதி பிரிக்கச் சொல்லும் இடத்திலும், எழுத்துரு ஒரே உருவமாக வரைந்திருந்தால் பிரிப்பதில்லை. எழுத்துரு க்ஷ-வை இணைக்காமல் க் ஷ என்று தனித்தனியே காட்டினால் பிரிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை மவுஸ் ஒன்றாகவே எடுக்கும். பின்நீக்கு விசை பழையபடியே ஒவ்வொரு குறியாக அழிக்கும். தட்டச்சு செய்கிறவர்களின் கைப்பழக்கத்தில் நாங்கள் தலையிடவில்லை. ஸ்ரீயில் இன்னொரு வேடிக்கை, 2005-இல் யுனிகோடில் ஶ என்ற எழுத்து சேர்ந்த பின் அதை இரண்டு விதமாக எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் திரையில் ஒரே தோற்றம். உருவத்தைப் பார்த்து முடிவெடுக்கும் விதிக்கு இரண்டும் ஒன்றே. தேடுதல் வசதிக்குத்தான் அது தலைவலி.

பழைய 8 பிட் எழுத்துருக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010-இல் தமிழக அரசு யுனிகோடையும், தமிழுக்கான 16 பிட் குறியீட்டு முறையான டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததும் அதே ஆண்டில்தான். இருந்தும் அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பாமினி போன்ற எழுத்துருக்களில் கிடக்கும் கோப்புகள் இன்னும் ஓயவில்லை. அவற்றில் கொம்பு, க, துணைக்கால் மூன்றும் மூன்று தனி எழுத்துகள், அதுவும் திரையில் தெரியும் அதே வரிசையில். கணினிக்கு அவை ஆங்கில எழுத்துகள் என்பதால் எழுத்துக் கூட்டு என்ற பேச்சே எழாது. செவ்வகம் கொம்பை க-விலிருந்து தயக்கமின்றி அறுக்கும். இவற்றுக்கென்று தனி விதி எழுதவில்லை. அப்படிப்பட்ட உரையில் ஆல்ட் இழுப்பைத் தொடங்கினால், முதலில் யுனிகோடுக்கு மாற்றட்டுமா என்று நிலைப்பட்டையில் ஒரு வரி கேட்கும். அவ்வளவே.

கோணலாக வந்த நெடுவரிசை

எழுத்தை ஒழுங்காக எடுக்கத் தெரிந்த பின்னும் மண்டிப் பட்டியலில் செவ்வகம் சரியாக வேலை செய்யவில்லை. காரணம் செவ்வகத்திடம் இல்லை, பட்டியலிடம் இருந்தது. கணக்கு மென்பொருள் ஒவ்வோர் ஊர்ப்பெயருக்கும் பின்னால் இடைவெளிகளை நிரப்பி, எல்லாவற்றையும் ஒரே நீளமாக்கி அனுப்புகிறது. நீளத்தை அது குறியீட்டு எண்ணிக்கையில் அளக்கிறது. 13 குறியீடு கொண்ட மொடக்குறிச்சிக்குக் கொஞ்சம் இடைவெளி, 4 குறியீடு கொண்ட கோபிக்கு நிறைய இடைவெளி. எழுத்துகளின் அகலமும் இடைவெளியின் அகலமும் வேறு வேறு என்பதால், அடுத்து வரும் பெயர் நெடுவரிசை பாம்பாக நெளிகிறது. திருப்பூரில் பனியன் துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டாக வெட்டுவார்கள். அடுக்குகளின் ஓரம் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் கத்தி எவ்வளவு கூர்மையாக இருந்தும் சில அடுக்குகளில் கை குறையும். அதே கதைதான்.

எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும் எழுத்துருவுக்கு மாற்றச் சொல்வது ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் "ணௌ"-வையும் "ர"-வையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் ஒன்று நசுங்கும், மற்றது மிதக்கும், படிக்கவே முடியாது. எனவே செவ்வகத்தைத் தொடாமல், ஒட்டும் இடத்தில் ஒரு சின்ன வேலை சேர்த்தோம். ஒட்டப்படும் வரிகளில் 2 அல்லது அதற்கு மேற்பட்ட இடைவெளிகள் தொடர்ந்து வந்து, அதுவே பல வரிகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டால், "நெடுவரிசைகளை டேப்பாக மாற்று" என்ற கட்டளை ஒட்டும் தேர்வுகளில் தோன்றும். ஏற்றுக்கொண்டால் அந்த இடைவெளிகள் ஒவ்வொன்றும் ஒரு டேப் ஆகி, மிக நீண்ட சொல்லுக்கு ஏற்ப டேப் நிறுத்தங்கள் அமையும். ஒற்றை இடைவெளிகள் அப்படியே இருப்பதால் பெயருக்குள் இருக்கும் இனிஷியல்கள் கலையாது. ஒரு பெயருக்குள்ளேயே யாராவது 2 இடைவெளி விட்டிருந்தால் அந்த வரி தப்பாகப் போகும். அதைக் கையால் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

டேப்புக்குப் பாதி விதி பொருந்தாது. அது ஒரே குறியீடு, ஆனால் அகலம் சில சமயம் ஒரு சொல்லைவிடப் பெரிது. பெயருக்கு வலப்பக்கம் செவ்வகத்தைச் சற்று தாராளமாக இழுத்தால், குட்டைப் பெயர்கள் உள்ள வரிகளில் டேப் பாதிக்கு மேல் உள்ளே வந்துவிடும்; நீண்ட பெயர்கள் உள்ள வரிகளில் வராது. அழித்தால் சில வரிகளில் மட்டும் ரகம் இடப்பக்கம் நகர்ந்து பெயர் இருந்த இடத்துக்குப் போகும். ஆகவே முழுவதும் உள்ளே இருக்கும் டேப் மட்டுமே தேர்வாகும். ஒட்டிய இரு செவ்வகங்களுக்கு நடுவே எதுவும் விடுபடாது என்று மேலே சொன்னது டேப்புக்குச் செல்லாது. தெரிந்தே கொடுத்த விலை.

ஆல்ட் யாருடையது?

விண்டோஸில் ஆல்ட் விசைக்கு ஏற்கனவே ஒரு வேலை உண்டு: மெனுவுக்குப் போவது. இழுப்பு முடிந்து விசையை விடும்போது மெனு விழித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லினக்ஸில் நிலைமை இன்னும் மோசம். பல மேசைச் சூழல்களில் ஆல்ட்டோடு இழுத்தால் சன்னலே நகரும். மவுஸ் அழுத்தியது எங்கள் நிரலுக்குத் தெரியவே வராது. பல எடிட்டர்களுக்கு அடித்தளமான சின்டில்லா, இந்தக் காரணத்துக்காகவே விசையை மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறது. நாங்களும் விசையை அமைப்புகளில் மாற்றும்படி வைத்து, கூடவே கருவிப்பட்டையில் ஒரு பொத்தானையும் சேர்த்தோம். பொத்தானை அழுத்தினால் அடுத்து வரும் ஓர் இழுப்பு செவ்வகமாக விழும். மடிக்கணினியின் தொடுபலகையில் ஒரு கையால் விசையை அழுத்தி மறு கையால் இழுக்கச் சிரமப்படுகிறவர்கள் இந்தப் பொத்தானைத்தான் விரும்புகிறார்கள்.

சாதாரணமாக இழுக்கத் தொடங்கிய பின் நடுவில் ஆல்ட்டை அழுத்தினாலும் தேர்வு செவ்வகமாக மாறும், விட்டால் பழையபடி ஆகும். புள்ளிகளை மட்டும் நினைவில் வைத்திருப்பதால் இது ஏறக்குறைய இலவசமாகவே கிடைத்தது. ஏற்கனவே தேர்ந்தெடுத்த உரையின் மேல் ஆல்ட் இழுப்பு தொடங்கினால் உரையை நகர்த்தாமல் புதிய செவ்வகம் போடும்.

இழுக்கும்போது திரையில் மெல்லிய கோட்டில் செவ்வகமும், உள்ளே வந்த எழுத்துகளுக்கு நிழலும் சேர்ந்தே தெரியும். கோடு மட்டும் போதாது, ஏனென்றால் பாதியில் நிற்கும் "கொ" உள்ளே வந்ததா இல்லையா என்று கோடு சொல்லாது. வரி முன்பே முடிந்துவிட்டதால் செவ்வகத்துக்குள் எழுத்தே இல்லாத வரிகளில் ஒரு மெல்லிய செங்குத்துக் கீற்று வரும்.

அழித்தல், நகலெடுத்தல், ஒட்டுதல்

அழிப்பதைக் கீழிருந்து மேலாகச் செய்ய வேண்டும். மேல் வரியில் 6 குறியீடுகளை நீக்கினால் அதற்குக் கீழே உள்ள எல்லாத் துண்டுகளின் இட எண்களும் 6 குறையும். கீழிருந்து தொடங்கினால் மேலே இருப்பவை மாறாது. எல்லாத் துண்டுகளையும் கணக்கிட்டு முடித்த பிறகே முதல் துண்டில் கைவைக்க வேண்டும் என்பது இதைவிட முக்கியம். ஒன்றை அழித்துவிட்டு அடுத்ததைக் கணக்கிட்டால், நடுவில் பத்தி மறுபடி மடிந்து வரிகளே இடம் மாறியிருக்கும். முழு வேலையும் ஒரே தொகுப்பாகப் பதிவாவதால், கன்ட்ரோல்-இசட் ஒரு முறை அழுத்தினால் மொத்த நெடுவரிசையும் திரும்பி வரும்.

நகலெடுக்கும்போது கிளிப்போர்டில் இரண்டு வடிவங்கள் போகின்றன. ஒன்று வெறும் உரை, துண்டுக்கு ஒரு வரி. எந்த மென்பொருளிலும் ஒட்டலாம். மற்றொன்று, இது நெடுவரிசை என்று சொல்லும் அடையாளம். விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ இதற்கென ஒரு கிளிப்போர்டு வடிவத்தைப் பதிவு செய்திருக்கிறது. சின்டில்லாவும் அதையே மதிக்கிறது. நாங்களும் அதையே எடுத்துக்கொண்டதால், நோட்பேட் பிளஸ் பிளஸில் செவ்வகமாக நகலெடுத்தது எங்களிடம் செவ்வகமாகவே வந்து ஒட்டும்.

ஒட்டுவதுதான் கடினமான பாதி. கர்சர் நிற்கும் கிடைமட்டத் தூரத்தை எடுத்து, கீழே வரும் ஒவ்வொரு வரியிலும் அதே தூரத்துக்கு அருகில் உள்ள எழுத்து எல்லையில் ஒரு துண்டைச் செருகுகிறோம். இதுவும் கீழிருந்து மேலாக. வரி அந்தத் தூரத்துக்கு முன்பே முடிந்திருந்தால்? நிரல் எடிட்டர்கள் இடைவெளிகளை நிரப்பி எட்டிவிடும். எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் உரையில் இடைவெளிகளால் துல்லியமாக எட்ட முடியாது. பத்திக்கு டேப் நிறுத்தம் அமைத்திருந்தால் டேப் சேர்க்கிறோம்; இல்லையென்றால் வரியின் முடிவிலேயே ஒட்டிவிடுகிறோம். துண்டுகள் மிஞ்சினால் புதிய பத்திகள் உருவாகும்.

ஒட்ட வேண்டிய இரண்டு வரிகள் ஒரே பத்தியின் மடிப்புகளாக இருந்தால் நெடுவரிசையாக ஒட்டுவதை மறுத்துவிட்டுச் சாதாரணமாக ஒட்டுகிறோம், காரணத்தை நிலைப்பட்டையில் சொல்லி. கட்டுரையின் நடுவே வரிக்கு வரி வேற்றுச் சொல்லைச் செருகினால் பத்தி மறுபடி மடிந்து, அந்தச் சொற்கள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். யாருக்கும் அது வேண்டியிருக்காது. அழிப்பதற்கு இந்தத் தடை இல்லை, ஏனென்றால் அங்கே போவது எது என்பது நிழலிட்டு முன்பே காட்டப்பட்டிருக்கிறது.

அட்டவணை, அடிக்குறிப்பு, தலைப்புப் பகுதி ஆகியவற்றில் செவ்வகம் தொடங்கிய கொள்கலனை விட்டு வெளியே போகாது. அட்டவணைக்குள் கட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் பழைய முறையே தொடர்கிறது. ஒரு கட்டத்துக்குள் மட்டும் ஆல்ட் இழுப்பு வேலை செய்யும். படங்களின் மேல் செவ்வகம் போனால் அவற்றைக் கண்டுகொள்ளாது.

விசைப்பலகை வழி இப்போது நடந்துவருகிறது. வேர்டின் அதே கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப்8 விசையை எடுத்திருக்கிறோம். மவுஸுக்குப் பிக்சல் தெரியும், அம்பு விசைக்கு எழுத்துதான் தெரியும். வலது அம்பை அழுத்தினால் கர்சர் இருக்கும் வரியில் ஓர் எழுத்து நகர்ந்து, அதன் விளிம்பே மற்ற எல்லா வரிகளுக்கும் விளிம்பாகிறது. கர்சர் வரியில் "ர" போன்ற ஒடுங்கிய எழுத்துகள் வந்தால், அகல எழுத்துகள் உள்ள வரிகளில் சில அழுத்தங்களுக்கு எதுவுமே மாறாது. விசை வேலை செய்யவில்லை என்று நினைக்கத் தோன்றும். தேர்வில் இருக்கும் வரிகளில் குறைந்தது ஒன்றில் ஓர் எழுத்தாவது கூடும் வரை விளிம்பை நகர்த்துவது ஒரு வழி, கர்சர் வரியை மட்டும் நம்புவது மற்றொரு வழி. இரண்டாவதைத்தான் இப்போதைக்கு எழுதியிருக்கிறோம். கர்சர் வரியாவது ஒவ்வோர் அழுத்தத்துக்கும் நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது.